சொரியாசிஸ், சிவந்த கண், கிழமைக் குளிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொரியாசிஸ் வந்து பதினெட்டு வருடமாகிறது. கண்ணுக்குள் அழற்சி வந்தது இரண்டு தடவை. நான் வைத்தியன் இல்லை. ஆனால் கொழும்பில் தோல் கிளினிக், மூட்டுவாதக் கிளினிக், கண் கிளினிக் என்று மூன்று இடத்து வாங்குகளிலும் மாறி மாறி உட்கார்ந்தவன். அதனால் சொந்தக்காரரும் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் இருப்பவர்களும் இந்தக் கேள்விகளோடு என்னிடம்தான் வருகிறார்கள். வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதி வைக்கிறேன்.

தோல் வருத்தத்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

சொரியாசிஸைத் தோல் வருத்தம் என்று சொல்லியே பழகிவிட்டோம். அடியில் நடப்பது நோயெதிர்ப்புத் தொகுதியின் குழப்படி. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய அது, காரணமில்லாமல் சொந்த உடலிலேயே அழற்சியை மூட்டிவிடுகிறது. ஒரு மாதம் எடுத்து மேலே வந்து உதிர வேண்டிய தோல் கலங்கள் சில நாளிலேயே வந்து செதிலாகக் கொட்டுகின்றன. அதே அழற்சி சிலருக்கு மூட்டுக்குப் போகிறது. இன்னும் சிலருக்குக் கண்ணுக்குள் போகிறது.

கண்ணுக்குள் போவதைத்தான் யுவியைட்டிஸ் என்கிறார்கள். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த கதிராளி (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையம்), அதற்குப் பின்னால் வில்லையைப் பிடித்திருக்கும் தசைப்பகுதி, விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்த படை, இந்த மூன்றும் சேர்ந்ததற்கு யுவியா என்று பெயர். லத்தீனில் திராட்சைப் பழத்துக்கான சொல்லில் இருந்து வந்தது. கண்ணின் வெளி வெள்ளையை உரித்துப் பார்த்தால் கறுப்புத் திராட்சை போலத்தான் இருக்குமாம். அங்கே வரும் அழற்சியே யுவியைட்டிஸ்.

டென்மார்க்கில் நாடு முழுவதன் மருத்துவப் பதிவுகளையும் வைத்துச் செய்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யுவியைட்டிஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல் என்று அது காட்டியது. யுவியைட்டிஸ் வந்தவர்களுக்குப் பிறகு சொரியாசிஸ் வரும் வாய்ப்பும் அப்படியே கூடுதலாக இருந்தது.

அப்படியென்றால் எனக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. சொரியாசிஸ்காரர் பலர் கண்ணில் ஒன்றுமே இல்லாமல் காலம் முழுக்க இருப்பார்கள். மூட்டுவாதமும் சேர்ந்தவர்கள், அதிலும் முள்ளந்தண்டிலும் இடுப்பு மூட்டிலும் அழற்சி உள்ளவர்கள், எச்எல்ஏ பி27 என்ற மரபணு இருப்பவர்கள்தான் கொஞ்சம் கூடக் கவனமாக இருக்க வேண்டும். காலையில் எழும்பும்போது நாரி விறைத்துப் போய், நடக்க நடக்க இலகுவாகிறதா? அதைத் தோல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மூட்டு நோவைத் தோல் கிளினிக்கில் சொல்வதா என்று நானே ஐந்து வருடம் சொல்லாமல் இருந்தேன்.

சாதாரண கண்நோயா, உள் அழற்சியா என்று எப்படிப் பிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

தொற்றாக வரும் கண்நோயில் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டும், உறுத்தும், கடிக்கும், வீட்டில் இன்னொருவருக்கும் வரும். வெளிச்சத்தைப் பார்த்தால் கொஞ்சம் கூசலாம். ஆனால் பார்வை அநேகமாகத் தெளிவாகவே இருக்கும்.

யுவியைட்டிஸில் பீளை கிடையாது. கறுப்பு முழியைச் சுற்றி வளையம் போலச் சிவக்கும். உள்ளுக்குள் ஆழமாக நோகும், சிலருக்குப் புருவம் வரை இழுக்கும். வெளிச்சம் என்றால் கண் ஓடி ஒளியும். பார்வை புகைமூட்டமாகும். ஒரு கண்மணி மற்றதை விடச் சின்னதாகவோ கோணலாகவோ தெரியலாம். நல்ல கண்ணில் டோர்ச் அடித்தாலும் வருத்தக் கண் நோகும். ஏனென்றால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே சுருங்கும்.

எனக்கு முதல் தடவை வந்தபோது, பின்னேரம் மரைன் டிரைவில் கடல் வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் கையால் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். பார்மசியில் காட்டினேன். கண்நோய் என்று அன்டிபயோட்டிக் சொட்டு தந்தார்கள். ஆறு நாள் விட்டேன். ஏழாம் நாள் பத்திரிகையின் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. அதற்குள் கதிராளி பின்னாலிருந்த வில்லையோடு இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டது. ஒன்றைப் பிரித்தார்கள். மற்றது இன்றைக்கும் ஒட்டியபடிதான், என் இடது கண்மணி வட்டமாக இல்லை.

சொரியாசிஸோடு வரும் வகை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். திடீரென்று ஒரு கண்ணில் சிவந்து நோகாமல், இரண்டு கண்ணிலும் மெல்ல மெல்ல, கண்ணின் பின்பக்கத்தில் வருவதும் உண்டு. அப்போது சிவப்பே இருக்காது. பார்வை மங்கும், கண் முன்னே கறுப்புப் புள்ளிகள் மிதக்கும், அவ்வளவுதான். கண்ணாடியின் நம்பர் மாறிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவோம்.

கண் சிவந்தால் எல்லாமே யுவியைட்டிஸ்தானா?

இல்லை. சொரியாசிஸ் இமையிலும் வரும், இமை விளிம்பில் பொடுகு போலச் செதில் கட்டி உறுத்தும். கண் வறட்சியும் சொரியாசிஸ்காரருக்கு அதிகம். இதெல்லாம் தொல்லை, ஆபத்தில்லை. ஆனால் எது எது என்று வீட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. கண் வைத்தியர் ஸ்லிட் லாம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தால்தான் கண்ணின் முன்னறையில் வெண்குருதிக் கலங்கள் மிதப்பது தெரியும்.

கொழும்பில் எங்கே போவது?

கொழும்பு 10இல் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்கு. லிப்டன் சுற்றுவட்டத்திலிருந்து நடக்கக் கூடிய தூரம். அரச வைத்தியசாலை, காசு இல்லை, கூட்டம் உண்டு. தனியாரில் கண் வைத்தியரைச் சனல் பண்ணியும் காட்டலாம். ஆனால் நம்பர் அடுத்த கிழமைக்குத்தான் என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாசலில் “கண் சிவப்பு” என்று மட்டும் சொல்லாதீர்கள். “சொரியாசிஸ் இருக்கிறது, கண் நோகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேகம் வேறாக இருக்கும்.

என்ன சிகிச்சை செய்வார்கள்?

முன்பக்க அழற்சிக்கு முதலில், அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் சொட்டு, பெரும்பாலும் பிரெட்னிசொலோன். ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை. பிறகு கிழமைக் கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். போத்தலை நன்றாகக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், கண்ணுக்குப் போவது வெறும் தண்ணீர்தான். இரண்டாவது, கண்மணியை விரிக்கும் சொட்டு. அது நோவைக் குறைக்கும், கதிராளி ஒட்டாமல் பார்க்கும். அதை விடும் நாட்களில் கிட்ட உள்ள எழுத்து தெரியாது, மோட்டார் சைக்கிள் ஓடவும் கூடாது.

மூன்றாம் நாளே சிவப்புப் போய்விடும். அங்கேதான் எல்லாரும் சொட்டை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும், முன்னதை விட மோசமாகவும் வரும்.

மிஞ்சிய சொட்டை அடுத்த தடவைக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அடுத்த தடவை சிவப்பது ஹெர்பீஸ் வைரஸ் புண்ணாகவும் இருக்கலாம். அதில் ஸ்டீரொயிட்டை விட்டால் விழிவெண்படலமே கெட்டுவிடும்.

சொட்டு போதாதா? நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதற்கு?

சொட்டு கண்ணின் முன்பக்கத்துக்குத்தான் எட்டும். அழற்சி பின்னால் இருந்தால், அல்லது வருடத்தில் பல தடவை திரும்பி வந்தால், அல்லது சொட்டை நிறுத்தவே முடியாமல் போனால், உடல் முழுவதும் வேலை செய்யும் மருந்து வேண்டும். ஸ்டீரொயிட்டை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஓட்டினால் கண்ணில் வெண்புரை வரும், கண் அழுத்தம் ஏறும்.

சரி, கண் அழுத்தம் ஏறினால் டிமோலோல் என்ற சொட்டைத் தருவது வழக்கம். அது பீட்டா தடுப்பி வகை. அந்த வகை மருந்துகள் சிலரின் சொரியாசிஸைக் கிளப்பிவிடும், சொட்டாக விட்டாலும் அப்படி நடந்திருக்கிறது. வேறு சொட்டுகள் இருக்கின்றன. ஆகவே கண் வைத்தியருக்கு உங்கள் தோலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

கண் வைத்தியர் ஸ்டீரொயிட் குளிசை எழுதினால் எடுக்கலாமா?

இங்கேதான் இரண்டு கிளினிக்குகளும் முட்டிக்கொள்ளும் இடம். கண்ணுக்குள் கடும் அழற்சி என்றால் பிரெட்னிசொலோன் குளிசை பார்வையைக் காப்பாற்றும். ஆனால் சொரியாசிஸ்காரருக்கு அதைக் குறைக்கும்போது, முக்கியமாகத் திடீரென்று நிறுத்தும்போது, தோல் வெடித்துக் கிளம்பலாம். சிலருக்குச் சீழ்க்கொப்புளங்களாக, சிலருக்கு உடல் முழுவதும் சிவந்து உரிவதாக. அது வைத்தியசாலையில் படுக்க வேண்டிய நிலை.

அதற்காக எடுக்கவே கூடாது என்று இல்லை. பார்வை போகும் ஆபத்து இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். எடுப்பதற்கு முன்பே தோல் வைத்தியருக்குச் சொல்லி, கிழமைக்கு ஒருதடவை எடுத்து நோயெதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்ஸேட் போன்ற ஒன்றைக் கூடவே தொடங்கி, சொன்ன கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். கண்ணைச் சுற்றி ஊசியாகப் போடும் வழியும் இருக்கிறது. நான் தோல் கிளினிக் கொப்பியைக் கண் கிளினிக்குக்கும், கண் கொப்பியைத் தோல் கிளினிக்குக்கும் கொண்டு போவேன். தாதி முறைத்துப் பார்த்தாலும் மேசையில் இரண்டையும் விரித்து வைப்பேன்.

மெதோட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்தாமே?

ஆம், கூடிய அளவில் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். நமக்குத் தருவது மிகக் குறைந்த அளவு, கிழமைக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. தோல், மூட்டு, கண் மூன்றுக்கும் உதவக்கூடியது, விலையும் குறைவு. அதனால்தான் முதலில் இதை எடுக்கிறார்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை ஆகும். இரண்டு கிழமையில் ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்து எலும்பு மச்சை செயலிழந்து இறந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு. நம் ஊரில் பார்மசி உறையில் காலை, பகல், இரவு என்றுதான் கோடு போட்டுத் தருவார்கள், அதில் “கிழமைக்கு ஒன்று” என்பதைப் பொடி எழுத்தில் செருகுவார்கள். வீட்டில் வயதானவர்களுக்குக் கொடுப்பவர் மாறினால் தவறு நடக்க அதுவே போதும். ஒரு கிழமை நாளைத் தேர்ந்து உறையின் மேல் தமிழில் பெரிதாக எழுதுங்கள். என்னுடையதில் “ஞாயிறு மட்டும்” என்று சிவப்பு மையில் இருக்கிறது. 2.5 மில்லிகிராம் குளிசையும் 10 மில்லிகிராம் குளிசையும் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் அட்டையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

ஃபோலிக் அசிட் குளிசையையும் தருவார்கள். அது வாய்ப்புண், குமட்டலைக் குறைக்கும். மெதோட்ரெக்ஸேட் எடுக்கும் நாளில் அதை விட்டுவிடச் சொல்வது வழக்கம். இரத்தப் பரிசோதனையில் இரத்தக் கலங்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை. சாராயம் வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் எழுதும் கோ-டிரைமொக்ஸசோல் இதோடு சேரவே கூடாது, எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள். வாயில் புண், காரணமில்லாத கன்றல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் வைத்தியரிடம் போங்கள்.

வேறு குளிசைகள்?

சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும். ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், நீண்ட காலம் ஓட்ட மாட்டார்கள். அதை எடுக்கும்போது கிரேப்ஃபுரூட், ஜம்போலா சாப்பிடக் கூடாது, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அசாதயோப்ரின், மைக்கோஃபெனோலேட் இரண்டும் கண்ணுக்குப் பயன்படுகின்றன, சொரியாசிஸ் தோலில் அவ்வளவு கெட்டித்தனம் காட்டாது. யூரிக் அசிட்டுக்கு அலோபியூரினோல் எடுப்பவர் அசாதயோப்ரின் எடுப்பது ஆபத்து. மூட்டுக்கு ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் எழுதினால், சொரியாசிஸ் இருப்பதை நினைவூட்டுங்கள், அது சிலருக்குத் தோலைக் கிளப்பும்.

ஊசி மருந்துகளில் எது கண்ணுக்கும் நல்லது?

அழற்சியை மூட்டும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் குறிவைத்து அடக்கும் மருந்துகளை உயிரியல் ஊசி என்கிறார்கள். எல்லா உயிரியல் ஊசியும் ஒன்றல்ல. தோலுக்கு நன்றாகக் கேட்கிற ஊசி கண்ணைக் கைவிடலாம்.

அடாலிமுமாப் இரண்டுக்கும் உதவும். அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு 2008இலும், கண்ணின் நடு, பின்பகுதியில் வரும் தொற்றில்லாத யுவியைட்டிஸுக்கு 2016இலும் அங்கீகாரம் பெற்றது. இரண்டு கிழமைக்கு ஒருதடவை தோலுக்கு அடியில் போடுவது. இன்ஃப்ளிக்ஸிமாப்பும் கண்ணுக்குக் கேட்கும், அதை வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்ற வேண்டும்.

எட்டனர்செப்ட் இதே குடும்பம்தான், மூட்டுக்கும் தோலுக்கும் நல்லது. ஆனால் கண்ணைக் காப்பதில் பின்தங்கியது. அதை எடுக்கும்போதே சிலருக்குப் புதிதாக யுவியைட்டிஸ் வந்ததும் உண்டு. செகுகினுமாப் தோலில் அபாரம், யுவியைட்டிஸுக்குச் செய்த பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எனவே ஒரு தடவையாவது கண் அழற்சி வந்திருந்தால், ஊசியைத் தேர்வு செய்யும் நாளில் அதைச் சொல்லியே ஆக வேண்டும், பத்து வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும்.

இன்னொரு விசித்திரம். அடாலிமுமாப் எடுக்கும் சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புதிதாகச் சொரியாசிஸ் கிளம்பும். சொரியாசிஸுக்கு மருந்து, அதுவே சொரியாசிஸையும் தருகிறது. சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஊசிக்கு முன் ஏன் நெஞ்சுப் படம், கையில் ஊசி என்று அலைக்கழிக்கிறார்கள்?

காசநோய்க்காக. எப்போதோ உடலுக்குள் போன காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம். இந்த ஊசி அதை எழுப்பிவிடும். கொழும்பு போன்ற நெருக்கமான ஊரில் இதை லேசாக எடுக்க முடியாது. கையில் போடுவது மன்டூ பரிசோதனை, இரண்டு மூன்று நாள் கழித்து வந்து காட்ட வேண்டும். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாதக்கணக்கில் மருந்து. ஹெப்பட்டைட்டிஸ் பி சோதனையும் உண்டு. தவிர, காசநோயும் மேகநோயும் (சிபிலிஸ்) கூட யுவியைட்டிஸைத் தரக்கூடியவை. கண் வைத்தியர் மேகநோய்க்கு இரத்தம் எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், எல்லாருக்கும்தான் கேட்பார்கள்.

காய்ச்சல் வந்தால்?

இந்த மருந்துகளில் இருக்கும்போது காய்ச்சலை மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். அந்தக் கிழமை மெதோட்ரெக்ஸேட்டையோ ஊசியையோ போடுவதா என்று கேட்ட பிறகு போடுங்கள், சில நாள் தள்ளிப்போவதால் குடி முழுகாது. கொழும்பில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்கு நினைவுக்கு வர வேண்டும். மூட்டு நோவுக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எதுவும் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிவோடு கொப்புளம் வந்து, மூக்கு நுனியிலும் ஒன்று தெரிந்தால், அது அக்கி, கண்ணுக்கும் போகக் கூடியது. அன்றைக்கே கண் வைத்தியசாலை.

தடுப்பூசி போடலாமா?

செயலிழந்த கிருமியால் செய்த தடுப்பூசிகளைப் போடலாம், வருடாந்த ஃப்ளூ ஊசி உட்பட. உயிருள்ள கிருமியால் செய்தவை வேண்டாம். தட்டம்மை, கொப்புளிப்பான், ஆபிரிக்கா போகிறவர்கள் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அந்த வகை. மருந்து தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவது வசதி.

பிள்ளை பெற இருக்கிறோம்...

மெதோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபெனோலேட்டும் கருவுக்கு ஆகாது. கருத்தரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். அசாதயோப்ரின், அடாலிமுமாப் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் கொடுக்கிறார்கள். மாமியாருக்குத் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டுக் கண் கெட்டு வந்த பெண்ணை எனக்குத் தெரியும். நிறுத்துவதையும் வைத்தியரே நிறுத்தட்டும்.

நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், இளநீர் விடலாமா?

கண்ணுக்குள் வேண்டாம். அழற்சி இருப்பது அவை எட்டாத ஆழத்தில், மேலே புதுத் தொற்றுத்தான் மிஞ்சும். தோலுக்கு நாட்டு மருந்து குடிப்பவர்கள் மெதோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துக் குடித்தால் ஈரல்தான் இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். குடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று நாளில் செதில் மறையும் என்று லேபல் இல்லாத போத்தலில் விற்கும் பூச்சுகளில் கடும் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு.

வெண்புரை சத்திரசிகிச்சை செய்யலாமா?

செய்யலாம். கண்ணில் அழற்சி அடங்கிக் குறைந்தது மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். முகாம்களில் அவசரப்பட்டுப் பெயர் கொடுக்காதீர்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறேன், ஊசியை எப்படிக் கொண்டு போவது?

அடாலிமுமாப்பை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அசல் மருந்தின் உறையில் 25 பாகைக்கு மேல் போகாமல் பதினான்கு நாள் வரை வெளியே வைக்கலாம் என்று இருக்கும், ஆனால் நம் ஊரில் 25 பாகை எந்த அறையில் இருக்கிறது? 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போனபோது, நான் ஊசியை ஐஸ் பொதியோடு சின்னப் பெட்டியில் வைத்து ஃபிரிட்ஜைத் திறக்காமலே நாட்களைக் கடத்தினேன். பயணத்துக்கும் அதே பெட்டிதான். ஐஸ் நேரே ஊசியில் படாமல் நடுவே ஒரு துவாய் மடித்து வையுங்கள், ஒருதடவை உறைந்துவிட்டால் கரைந்த பிறகும் அது பாவிக்க உதவாது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறும்போது பெட்டியைக் கீழே சாமான் அறையில் போடச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.